பயிற்சிக் கட்டத்தில் பச்சை

அந்த அலுவலகத்தில் ஒரு வண்டி வாங்க ஏழு வருடம் ஆகும். ஆறு வருடம் வண்டியைப் பற்றிப் பேசுவார்கள். மீதி ஒரு வருடம், அப்படியெல்லாம் பேசியது யார் என்று பேசுவார்கள். ஓட்டப்போகிறவனுக்கு யார், எங்கே, எத்தனை நாள் சொல்லித்தருவது என்கிற சங்கதி, கோப்பின் கடைசிப் பக்கத்தில், டீ ஆறிப்போன பிறகு வரும். அந்தக் கடைசிப் பக்கத்துக்குச் சொந்தக்காரர்தான் அட்டவணையார்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. ராணுவத் தலைமையகத்தில் பயிற்சித் திட்டம் போடும், சீருடை இல்லாத அதிகாரி. பார்க்கிறதையெல்லாம் அட்டவணையாக்கிவிடுகிற பழக்கத்தால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மாடியில் கழிவறையை ஒட்டி அவர் அறை. அங்கே வந்துபோன தளபதிகளில் பாதிப்பேர் கதவு மாறி வந்தவர்கள்.

படைக்கு ஒரு புதிய திறன் வேண்டுமென்றால் கோப்பில் ஐந்து கட்டங்கள்: வண்டி, ஆட்கள், பயிற்சி, உதிரிபாகம், கொட்டகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஐந்தும் பச்சையானால்தான் கோப்பு நகரும். மஞ்சள் என்றால் வேலை பாக்கி. சிவப்பு என்றால் யாரையோ திட்டப்போகிறார்கள்.

நீரிலும் நிலத்திலும் ஓடும் புதுக் கவசவண்டிக்கு அவர் ஆறு வாரப் பயிற்சி எழுதினார். அதில் பன்னிரண்டு நாள் தண்ணீரில். வாத்தியார்கள் பழக இரண்டு வண்டிகள் முன்கூட்டியே வர வேண்டும் என்றார். எண்ணூறு பக்கக் கையேட்டை ஓட்டுநருக்குப் புரியும் மொழியில் மாற்ற வேண்டும் என்றார். வண்டி வாங்க முடிவான அன்றே இதுவும் முடிவாக வேண்டும், பிற்பாடு ஒட்டுப்போட முடியாது என்று அடிக்கோடிட்டு எழுதினார்.

பெயின்ட்டின் நிறத்தைப் பற்றி மூன்று கூட்டம் பேசிவிட்டு நான்காவது கூட்டத்தில் அவர் பக்கத்தைப் புரட்டினார்கள்.

"ஏன்யா, பத்து வருஷமா ஓட்டுறவனுக்கு ஓட்டக் கத்துக்குடுக்கணுமா?" என்றார் தலைமை தாங்கிய பிரிகேடியர்.

"சார், பழைய வண்டியும் மிதக்கும், புதுசும் மிதக்கும். ஆனா ரெண்டும் ஒரே மாதிரி மிதக்காது."

"மிதக்கிறதுல என்னய்யா மாதிரி? ஒண்ணு மிதக்கும், இல்ல முழுகும்."

அறை சிரித்தது. அட்டவணையாரும் சிரித்தார். மேலதிகாரியின் நகைச்சுவைக்குச் சிரிக்க எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

ஆறு வாரம் மூன்று வாரமானது. மூன்று வாரம் ஐந்து நாளானது. புது வண்டியைக் காட்டும் அணிவகுப்புக்குத் தேதி குறித்தபிறகு ஐந்து நாளும் போய், "ஒப்படைத்த பின் படைப்பிரிவு அளவில் மேற்கொள்ளப்படும்" என்ற ஒரு வரி மிஞ்சியது. கட்டம் மட்டும் மஞ்சளாகவே நின்றது. மற்ற நான்கும் பச்சை. ஊரே கிளம்பிவிட்ட கல்யாண வேனில் ஒரு ஆள் மட்டும் செருப்பு தேடுகிற மாதிரி எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"சார், மஞ்சளைப் பச்சையாக்கணும்னா ஓரத்துல உங்க சுருக்கொப்பம் வேணும்" என்றாள் எழுத்தர் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாம்னா வேணாம் சார். நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள்.

அவர் போட்டார். இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. பேனா நன்றாகவே எழுதியது.

அந்த வண்டி போய்ச் சேர்ந்த படைப்பிரிவில்தான் அவர் மனைவியின் தம்பி சார்ஜென்ட் ஓட்டுநராக இருந்தான். ஆறடி இரண்டு அங்குலம். வீட்டில் கூப்பிடுகிற பெயர் குட்டி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தால் நாற்காலி முனகும்.

"அத்தான், வண்டி வந்துடுச்சு. சும்மா புதுப்பொண்ணு மாதிரி இருக்கு. பாடம் எப்போ?"

"வரும்டா. ஃபைல்ல இருக்கு."

"ஃபைல்ல நீச்சலும் இருக்கா அத்தான்? ஏன்னா புத்தகத்தைப் பாத்தேன், ஒரு எழுத்தும் புரியல. படம் பாத்து ஓட்டிக்கலாம்ங்கிறான் எங்க கேப்டன்."

"சாப்பிடும்போது ஆபீஸ் பேசாதீங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்காக்காரி. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவருக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

அந்த ஞாயிறிலிருந்து பத்தாம் நாள், காலை ஒன்பதரை மணிக்கு, அணிவகுப்பு ஒத்திகைக்காக ஏரியில் இறங்கிய முதல் வண்டி கரையிலிருந்து அறுபது மீட்டரில் முழுகியது. மேல்மூடி வழியாக மூன்று பேர் வெளியே வந்தார்கள். ஓட்டுநரின் மூடி முன்பக்கம் இருந்தது. வண்டியின் மூக்குதான் முதலில் தண்ணீருக்குள் போனது. குட்டி வரவில்லை.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு மணிநேரம் போதுமாக இருந்தது. வண்டியின் அடிவயிற்றில் நான்கு திருகு மூடிகள். பழைய வண்டியில் அவற்றைப் பட்டறைக்காரன்தான் தொடுவான்; ஓட்டுநருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புதிய வண்டியில் ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அவற்றைத் திறந்து நீரை வடிப்பார்கள். தண்ணீரில் இறங்குமுன் ஓட்டுநரே குனிந்து மூட வேண்டும். அது கையேட்டில் நானூற்றுப் பதினோராம் பக்கத்தில், குட்டிக்குப் புரியாத மொழியில், தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

விசாரணைக் குழு உட்காருவதற்கு முன்பே ஒரு சொல் கட்டடம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது: கவனக்குறைவு.

"என் தம்பி கவனக்குறைவா?" என்று மனைவி கேட்டாள். அழவில்லை. கையில் துடைக்கிற துணி, எதிரில் துடைத்து முடித்த மேஜை. "மூணு வருஷமா அவன் வண்டியில ஒரு கீறல் கிடையாது. நீங்க அந்த ஆபீஸ்லதான இருக்கீங்க? எப்படிங்க அப்படி எழுத விடுவீங்க?"

"விசாரணை நடக்குதுல்ல" என்றார். பதில் சொல்லாமல் பதில் சொல்வதில் முப்பது வருட அனுபவம் அவருக்கு.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முதல்நாள் பிரிகேடியர் கூப்பிட்டனுப்பினார். கதவைத் தானே சாத்தினார். அதுவே கெட்ட சகுனம்.

"வருத்தமா இருக்குய்யா. உங்க மச்சான்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்." உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "பாருங்க, ஆறு வாரம்னு நீங்க எழுதின முதல் குறிப்பு கோப்புல இருக்கு. அதை மட்டும் சொல்லுங்க. கடைசிக் கட்டத்தைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க. கேக்காததுக்குப் பதில் சொல்லணும்னு சட்டம் இல்ல."

"அப்ப காரணம்னு என்ன எழுதுவாங்க சார்?"

பிரிகேடியர் ஜன்னலைப் பார்த்தார். "போனவனுக்கு இனிமே என்னய்யா கெட்டுப்போகுது?"

அன்று முழுக்க அட்டவணையார் அதையும் அட்டவணையாக்கிப் பார்த்தார். இடப்பக்கம்: வேலை, ஓய்வுக்கு இருக்கும் நாலு வருடம், மனைவியின் முகம். வலப்பக்கம்: குட்டி. வலப்பக்கத்தில் எழுத வேறு எதுவும் வரவில்லை. ஆனாலும் காகிதம் அந்தப் பக்கமே சாய்ந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர், ஒரு கூஜா தண்ணீர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று குழுத்தலைவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டபடி பேனாவை மூடிவிட்டார்.

"பயிற்சிக் கட்டம் பச்சைன்னு இருக்கு சார். பயிற்சியே நடக்கல. அந்தப் பச்சை என்னோடது. ஓரத்துல என் சுருக்கொப்பம் இருக்கு, பாருங்க."

பேனா மறுபடி திறந்தது.

"உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"

எல்லோருமே. யாருமே இல்லை. "மஞ்சளா இருந்தா கூட்டம் நீளும் சார்" என்றார். அது எழுதிக்கொள்ளப்பட்டது.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி அடுக்களையில் இருந்தாள். உள்ளறையில் அத்தை, குட்டியின் அம்மா, படுத்திருந்தாள். மகன் போனதிலிருந்து அந்த அறையை விட்டு வருவதில்லை.

"கவனக்குறைவுன்னு எழுதமாட்டாங்க" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஒரு நிமிடம் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று அவருக்குத் தோன்றியது. நிறுத்திக்கொள்ளவில்லை. கட்டங்களைச் சொன்னார், மஞ்சளைச் சொன்னார், எழுத்தர் அக்கா சாப்பாட்டுக்குப் போகிறேன் என்றதைச் சொன்னார்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஞாபகமில்ல."

"எனக்கும் ஞாபகமில்ல. சாதாரண நாளாத்தான் இருந்திருக்கும்."

பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, "அந்த மூடி. அதைச் சொல்லிக்குடுக்க எத்தனை நாளாகும்?" என்றாள்.

"நாளெல்லாம் இல்ல. நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷம்" என்று அவளும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளறைக்குப் போனாள். தோள்கூட உரசாமல் தாண்டிப்போனாள், பஸ்ஸில் அந்நியரைத் தாண்டுவதுபோல.

கதவு முழுக்கச் சாத்தவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா, தம்பி மேல தப்பு இல்லையாம். ஆபீஸ்லயே ஒத்துக்கிட்டாங்க."

கிழவி அழுதாள். முதல்முறையாகக் கொஞ்சம் நிம்மதியோடு அழுகிற அழுகை அது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "அப்ப யாரு மேலடி?"

மனைவியின் குரலுக்காக அவர் காத்திருந்தார். அவள் சொல்லிவிடுவாள் என்று ஒருபுறம், சொல்லாமல் காப்பாற்றிவிடுவாள் என்று இன்னொருபுறம். எதற்குத் தான் ஆசைப்படுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"சொல்லேன்டி. யாரு?"

அவர் கதவைத் தள்ளினார். இருவரும் நிமிர்ந்தார்கள். அத்தை அவரைப் பார்த்ததும், "வாங்க மாப்ளே, நீங்களாவது சொல்லுங்க" என்று கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் உட்காரவில்லை.