சமமாக நின்ற ஓட்டும் நான் கவிழ்த்த காபியும்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு காபி அண்டாவிலிருந்து. ஏதோ தத்துவம் மாதிரி சொல்கிறேனே தவிர, நடந்தது இவ்வளவுதான். மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் சிற்றூரில், வாக்காளர்கள் எல்லோரும் கூடி ஓட்டுப் போடும் வருடாந்தர ஊர்க்கூட்டம் மேலே மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மேப்பிள் பாகில் சுட்ட 'பை' என்ற இனிப்பு வந்திருக்கிறது, வரிசையில் நின்றால் தீர்ந்துவிடும் என்ற கவலையில் நான் கீழே சமையலறைக்கு நழுவினேன். அந்த இனிப்பை எட்டி எடுக்கப்போய், ஊருக்கே வைத்திருந்த காபி அண்டாவைக் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு ரொஸ்கோவும் அவன் மனைவி இனெஸும் துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள். என் விபத்துகள் எப்போதும் நல்லவர்களைத்தான் வரவழைக்கும். மூன்று பேரும் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது.

விஷயம் இது: டெல்ஃபீன் தனியாக வசிக்கும் சீடர் மேட்டுச் சாலையில் வரும் குளிர்காலத்திலும் ஊர் வண்டி பனி தள்ளுமா, தள்ளாதா? சாலையின் கடைசியில் அவள் வீடு ஒன்றுதான். வண்டி வராவிட்டால் எழுபது வயதில் அவள் அங்கே குளிர்காலத்தைக் கழிக்க முடியாது. ஆதரித்தவர்கள் எழுந்து நின்றார்கள், எதிர்த்தவர்கள் எழுந்து நின்றார்கள், இரண்டும் சமம். சமம் என்றால் தீர்மானம் தோற்றது என்பது விதி.

கீழே துடைத்துக்கொண்டிருந்த மூவரும் ஆதரவு.

அன்றிலிருந்து ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "என்ன காபி, சௌக்கியமா?" என்கிறார்கள்.

2

ஆகவே பிராயச்சித்தமாக ஒரு கதை. தொடக்கம்:

"ஹாலிஸ் ப்ராட் சுத்தியலை ஓங்கினார். ஒரு தேசத்தின் தலைவிதி அவர் கையில்—"

(எங்கள் ஊரில் இருப்பது ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், நார்த் கில்பி என்ற பெயர்ப்பலகை. தேசத்தை விட்டுவிடுவோம்.)

"காதலா கடமையா என்று—"

(இதை நானே அடித்தேன். நீங்கள் அடிப்பதற்குள்.)

"ஹாலிஸ் எங்கள் கூட்டத் தலைவர்."

சரி, இது நிற்கிறது. ஒவ்வொரு வருடமும் கூட்டத்தின் முதல் வேலை தலைவரைத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு வருடமும் ஹாலிஸ்தான். தலைவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. ஆனால் ஓட்டு சமமாக நின்றால், அவர் விரும்பினால், ஒரு ஓட்டுப் போடலாம். அன்று எல்லாத் தலைகளும் அவரை நோக்கித் திரும்பின. ஏனென்றால் ஹாலிஸின் சனிக்கிழமை இரவுகள் டெல்ஃபீன் வீட்டில், அவித்த பீன்ஸும் கறுப்பு ரொட்டியுமாகக் கழிகின்றன என்பது ஊரில் நாய்க்கும் தெரியும். அவர் "ஆதரவு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"சமம். தீர்மானம் தோற்றது," என்றார் ஹாலிஸ். சுத்தியலைத் தட்டினார். அடுத்த விஷயம், நூலகக் கூரை.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. அவசரமாக இருப்பவர்கள் நான்காவது பகுதிக்குப் போகலாம். அங்கேயும் ஒன்றும் பெரிதாக இல்லை.

இந்த நாட்டை எழுதி வைத்தவர்கள் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தார்கள்: எல்லாவற்றையும் தானே செய்பவனுக்கு. அதனால் சட்டம் போடுபவன் வேறு, நடத்துபவன் வேறு, தீர்ப்புச் சொல்பவன் வேறு என்று பிரித்தார்கள். ஒவ்வொருவன் சட்டைக் காலரும் மற்றவன் கையில். வாஷிங்டனில் வெள்ளைத் தூண்களோடு நடப்பதும், எங்கள் மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளோடு நடப்பதும் ஒரே சந்தேகத்தின் பிள்ளைகள்தான்: மனிதனை நம்பாதே, வேலி போடு.

என் மேஜையைப் பாருங்கள். இந்தக் கதையில் சட்டம் போடுவது நான். நடத்துவது நான். "ஹாலிஸ் கோழை" என்று தீர்ப்பு எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருப்பதும் நான். எவனுக்குப் பயந்து அவ்வளவு எழுதினார்களோ அந்த ஆள் நான்தான். ஒரு காபி அண்டாவைக்கூட நிமிர்த்தி வைக்க முடியாத சர்வாதிகாரி.

எனவே பெருந்தன்மையாக ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்: கதைமாந்தர்களுக்கு ரத்து செய்யும் உரிமை உண்டு.*

* பிறகு மிகவும் வருந்தினேன்.

4

முதல் வரைவில் ஹாலிஸின் மனதுக்குள் புகுந்துகொண்டேன். "சுத்தியலின் பிடி அவருக்கு வியர்த்தது. மூன்றாவது வரிசையில் டெல்ஃபீன் பின்னிக்கொண்டிருந்த சாம்பல் நிறக் காலுறையை அவர் பார்த்தார். அது தன் அளவு என்று அவருக்குத் தெரியும். ஆசை ஆதரவு என்றது; பதவி வாயை மூடியது." அழகாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் பட்டது. டெல்ஃபீனிடம் வாசித்துக் காட்டப் போனேன்.

சாலையில் பனி உருகிச் சேறாகிவிட்டிருந்தது. என் கார் பாதியில் புதைந்ததால் மீதியை நடந்தேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டே கடைசிவரை கேட்டாள்.

"ரத்து," என்றாள்.

எந்த வரி என்று கேட்டேன்.

"எல்லாம். பதவி வாயை மூடுச்சாம். சட்டம் அவனை விட்டுச்சுல்ல? ஓட்டுப் போடலாம்னு விட்டும் போடல. அதை அழகா எழுதி எங்கிட்டயே கொண்டுவர்றியே, உனக்குக் கூச்சமா இல்லையா?"

மேஜையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அன்று சனிக்கிழமை. கூட்டத்துக்குப் பிறகு இரண்டாவது தட்டை அவள் எடுத்து வைப்பதில்லை என்று ரொஸ்கோ சொல்லியிருந்தான். நான் நம்பியிருக்கவில்லை. அந்தக் காலுறையும் பிரிக்கப்பட்டு, நூலுண்டையாகக் கூடையில் கிடந்தது.

"ஊரே எழுந்து எழுந்து நின்னு எண்ணிக்கிட்டீங்க," என்றாள். "நான் எங்க இருக்கணும்னு என்னை ஒருத்தனும் கேக்கல. அவனும் கேக்கல."

5

ஹாலிஸ் ஏன் ஓட்டுப் போடவில்லை? இது தெரியாமல் கதை நகராது. கேட்டுப் பார்த்தேன்.

தபால் நிலையத்தில் ஹாலிஸையே பிடித்தேன். கூட்டத்தில் பேச்சை வெட்டுவது மாதிரியே, இந்தக் கேள்வி 'ஒழுங்குக்குப் புறம்பானது' என்று சொல்லிவிட்டுத் தபால்தலை வாங்கினார். ஊர்ப் பதிவாளர் வெர்னாவிடம் போனேன். நடந்ததைப் பதிவதுதான் தன் வேலை, நடக்காததற்குக் காரணம் பதிவதில்லை, நிர்வாகக் குழுவைக் கேள் என்றாள். நிர்வாகக் குழுவில் மூன்று பேர். மூவரும் ஒரே குரலில், அது வாக்காளர்கள் செய்த முடிவு, தாங்கள் வெறும் வேலைக்காரர்கள் என்றார்கள். வாக்காளனான ரொஸ்கோவைக் கேட்டேன்.

"நான் எங்க ஓட்டுப் போட்டேன் காபி? நீ நனைச்ச தரையையில்ல துடைச்சிட்டு இருந்தேன்."

அதிகாரத்தை இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்து வைத்தவர்கள், பதிலையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டு. யாரிடமும் முழுசாக இல்லை.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) பனிப்புயலில் ஹாலிஸ் மண்வெட்டியோடு மேடேறி, தன் கையால் சாலை முழுதும்— (எழுபத்து நாலு வயது. பாதியில் மாரடைப்பு வரும். ரத்து செய்தது: நான்.)

(ஆ) டெல்ஃபீன் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகிறாள். பேருந்து நகர்கிறது. (ரத்து செய்தது: டெல்ஃபீன். "எனக்கு மகளே கிடையாது.")

(இ) மறு ஓட்டெடுப்பு. இதுதான் உண்மை. போதுமான வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தால் ஊர் மறுபடி கூடி, எடுத்த முடிவை மாற்றலாம். தவறு செய்வார்கள் என்று தெரிந்தே கட்டிய வீட்டில், பின்வாசலும் வைத்திருக்கிறார்கள். மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். பரிகாரம் என்று சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்; ஜாக்கிரதையாகக் காபி மட்டும் தரவில்லை. வருகிற செவ்வாய் கூட்டம்.

அதில் என்ன ஆகும் என்று எழுத மாட்டேன். தெரியாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஓட்டை நானே எண்ணி நானே அறிவித்தால், மூன்றாவது பகுதியில் அடித்த பிரசங்கத்துக்கு என்ன மரியாதை? நீங்கள் எழுந்து நில்லுங்கள். உங்களை எண்ணட்டும். நான் கீழே போக மாட்டேன் என்று மட்டும் உறுதி தருகிறேன்.

7. இதர விஷயங்கள்

எங்கள் கூட்டத்தில் கடைசியாக எப்போதும் இப்படி ஒன்று உண்டு. இதில் யாரும் எதையும் பேசலாம். பேசியது எவரையும் கட்டுப்படுத்தாது. கோட்டுகளை மாட்டிக்கொண்டே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்களும் கிளம்பலாம்.

மனுவை ஹாலிஸிடம் கொண்டுபோகாமல் கடைசிவரை தள்ளிப்போட்டேன். அவர் கொட்டகையில் மேப்பிள் மரத்தின் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆவியில் முகம் தெரியவில்லை. சாறு காயும்போது சட்டியை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் தீய்ந்துவிடும். தப்பிக்க வழியில்லாத இடமாகப் பார்த்துத்தான் போனேன்.

கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை தலைவராக வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வெர்னாவுக்குத் தகவல் அனுப்பிவிட்டதாகவும், தான் மற்றவர்களோடு மடக்கு நாற்காலியில் உட்காரப்போவதாகவும் சொன்னார். என் முதல் வரைவு சரிதான் போலிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

"அப்ப, அன்னிக்கே மனசுக்குள்ள ஆதரவுதான், தலைவர்ங்கிறதால வாயைக் கட்டிக்கிட்டீங்க. அப்படித்தானே?"

கரண்டியால் நுரையை ஒதுக்கினார். மறுபடி ஒழுங்குக்குப் புறம்பு என்பார் என்று நினைத்தேன்.

"இல்லப்பா. அந்த ரோடு மூடணும்னுதான் எனக்கு ஆசை. மூடிட்டா அவ கீழ இறங்கி வந்து என் வீட்ல இருப்பான்னு கணக்குப் போட்டேன். நான் சும்மா இருந்தாலே தீர்மானம் தோத்துடும்னு தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். ஊரு அதை நேர்மைன்னு சொல்லிச்சு, நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். வந்து என்கூட இருக்கியான்னு அவளை நான் நேரா கேட்டிருக்கணும். கேக்கப் பயமா இருந்துச்சு."