ஒரு பெண்பிள்ளைதான்

...ஒன்றுதான் என்று வாய் கூசாமல் எப்படிச் சொன்னார் ஐயா, அதுவும் தரகர் ஐயாத்துரையிடம், மூத்த மகள் இராசேஸ்வரி வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க, "எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் எண்டு சொல்லும். கலியாண எழுத்து முடியட்டும், பிறகு தெரிஞ்சால் தெரியட்டும்" என்று... மூத்தது இருக்க இளையதை ஏன் முன்னுக்குத் தள்ளுகிறீர்கள் என்று தீவிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், வீடும் காணியும் இரண்டாகப் பிரியுமே என்று யோசிப்பார்கள், ஆகவே தங்கை கமலாதேவி ஒருத்திதான், இராசேஸ்வரி குசினிக்குள் அடுப்படியோடு, யாரும் கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துப் பட்டம் எடுத்து, வேலை வரும் வரும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்து, கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கோபப்படக்கூட உடம்புக்கு ஏலவில்லை. ஒன்று என்றால் என்ன என்று விரிவுரையாளர் முதல் வகுப்பில் கேட்டபோது ஒருத்தி விரலைக் காட்டினாள், அது விரல், ஒன்று எங்கே என்றார்... உறுப்புகளின் கூட்டத்தைத் தொடை என்போம், ஒன்றுமே இல்லாத தொடையை எடுங்கள், அது சூனியம், அந்த வெறுமையையே ஓர் உறுப்பாக உள்ளே வைத்து இன்னொரு தொடை செய்யுங்கள், அதுதான் ஒன்று. வெறுமையைச் சுற்றி வேலி அடைத்தால் ஒன்று வந்துவிடுமாம், அன்று சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவ அதுவும் போதாது, அப்படி ஒன்று உண்டு என்று காட்ட வேண்டும், அதே தன்மையோடு வேறெது வந்து நின்றாலும் அதுவும் இதுவேதான் என்றும் காட்ட வேண்டும். அப்படியானால் ஐயா மார்க்கண்டுவின் மகள் என்று இராசேஸ்வரி போய் நின்றால் அவள் கமலாவா, இல்லை, மகளே இல்லையா? மூன்றாவது வழி கிடையாது. கணிதம் முகம் பார்க்காது, ஐயாவும்தான் பார்க்கவில்லை.

"லாபம்" என்று முதல் சுண்டு அரிசியைப் பானைக்குள் கொட்டினாள் அம்மா, முதல் அளவை ஒன்று என்று இந்த ஊரில் எவரும் சொல்வதில்லை, லாபம், பிறகுதான் இரண்டு... இரண்டாவதை அள்ளுமுன் வாசலில் யாரோ கூப்பிட, ஆறு போடு என்று அளவுச் சுண்டை இவள் கையில் தந்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எத்தினை போட்டனி?"

"ஆறு."

"லாபம் நான் போட்டிட்டெல்லே தந்தனான். நீ திரும்ப ஒண்டிலையிருந்தே துடங்கினனி?"

"லாபம் எண்டது ஒரு எண்ணே அம்மா?"

"கம்பஸிலை அரிசி அளக்கப் படிப்பிக்கேல்லையாக்கும். கிடக்கட்டும், வாற சனம் வயிறாறத் தின்னட்டும்." சிரிக்கத் தொடங்கிய அம்மா பாதியில் நிறுத்தி, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்காகத்தானே பிள்ளை" என்றாள். யாருக்காக என்று கேட்கலாம், கேட்டால் அழுவாள், அழுதால் இவள்தான் தேற்ற வேண்டும், அதற்கும் தெம்பில்லை. ஒன்று என்று சொல்லாமல் போட்டாலும் முதல் சுண்டும் வேகத்தான் போகிறது, வெந்த பிறகு முதலாவது எது ஏழாவது எது என்று ஆர் பிரிப்பது...

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். விறாந்தையில் கதிரைகள் இழுபட்டன, ஐயாவின் சிரிப்பு, தீவாருக்குத் தண்ணீர்தான் உப்பு, வாய் இனிப்பு என்று ஐயாத்துரையின் பகிடி. தேநீர் கொடுத்துவிட்டு வந்த கமலா வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். "கோவமே அக்கா?" என்றாள். கோபம்தான், ஆனால் அந்த முகத்தில் இருந்த ஒளியைப் பார்த்தால், அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது, பாவி, உண்மையாகவே பிடித்துவிட்டது... "போ, அங்கை தேடப்போகினம்." போய் ஒரு வசனம் சொன்னால் போதும், நானும் இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று, காலையிலிருந்து வாய்க்குள் கிடந்து புளித்துப்போன வசனம். எழுந்து போவதா, சோறு வடிப்பதா?

கை கழுவத் தண்ணீர் கேட்டு மாப்பிள்ளையின் தாய் குசினிக்குள்ளேயே வந்துவிட்டாள், பெரிய உடம்பு, நல்ல முகம்.

"பிள்ளை, நீர் ஆர்?"

அம்மாவின் அகப்பை நின்றது.

"கமலான்ர அக்கா."

"ஓ, பெரியப்பான்ர மகளாக்கும். அதுதானே, இவைக்கு ஒண்டுதானே. முகச்சாடை அப்பிடியே கிடக்கு" என்று அந்த மனிசி சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஓம்" என்றாள் இராசேஸ்வரி, செம்பைச் சரித்துக்கொண்டே. பக்கத்து வீடு என்றுதான் சொல்லித் தந்திருந்தார்கள், இந்த ஓமை ஐயா சொல்லித் தரவில்லை, ஐயாத்துரையும் தரவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டு அதற்கடுத்த மூச்சிலேயே தானாக வந்தது, எங்கிருந்து வந்தது... அம்மாவின் அகப்பை மறுபடி அசையும் சத்தம் கேட்டது. அந்த ஓம் வந்த பிறகு உடம்பு இலேசாக இருந்தது, காலையிலிருந்து இல்லாத இலேசு, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.