கோதண்டம் எந்த ஊரிலும் இல்லாத நாள்

1989ஆம் வருடம் ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து எந்த வீடும் கோதண்டத்தை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. முன்வாசலில் வலது காலை எடுத்து வைத்தால் இடது கால் கொல்லைக்கு வெளியே போய் விழுந்தது. நடுவில் இருந்த கூடமோ அறையோ சமையற்கட்டோ அவன் கண்ணில் படவில்லை. இது முதன்முதலில் நடந்தது ஜப்பானில், நகோயாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த சின்ன ஊர் ஒன்றில். ஆனால் அதிக வருடம் நடந்தது ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் என்பதால் இங்கே இருப்பவர்கள் அதைத் தங்கள் ஊர் விஷயமாகவே சொல்வார்கள்.

கோதண்டத்தின் குடும்பம் ஏரிக்குக் கீழே நெல் போட்ட குடும்பம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் அவனுக்கு ஒரு மனை மட்டும் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, சீட்டுப் பிடித்துக் கடன் வாங்கி, அந்த மனையில் நாலு சுவரை எழுப்பியிருந்தான். மேலே தளம் போடக் காசில்லை. 1987 மார்ச்சில் ஜப்பான் தொழிற்சாலை ஒன்று மூன்று வருட ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தபோது அவன் கையெழுத்துப் போட்டதற்கு அந்தத் தளத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. மனைவி புஷ்பா அவனுடைய மாமன் மகள். வசந்தா என்று ஏழு வயதில் ஒரு பெண். இருவரையும் சுவர்களுக்கு நடுவே ஒரு மூலையில் தென்னங்கீற்றுச் சாய்ப்பில் விட்டுவிட்டுப் போனான்.

முதல் வருடம் சம்பளம் முழுதாகக் கைக்கு வந்தது. அடுத்த வருடம் ஜூன் மாதம் அந்த ஊர் அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது; உள்ளே நாலு தவணைச் சீட்டு. அவனோடு போன ராஜசேகரன் ஆவடி குவார்ட்டர்ஸ் பையன், அந்த ஊர் எழுத்தைக் கொஞ்சம் படிக்கக் கற்றிருந்தான். ஊரில் குடியிருக்கிற ஒவ்வொருவரும் ஊருக்குக் கட்ட வேண்டிய வரி அது, சாலைக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து, போன வருடச் சம்பளத்தைக் கணக்கு வைத்துப் போடுவார்கள் என்றான்.

"போன வருசத்து சம்பளம் போன வருசமே செங்கல்லா ஆயிடுச்சே. அத்த எப்டி திருப்பிக் குடுப்பேன்?" என்றான் கோதண்டம்.

ஊர் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்த பெண் குனிந்து வணங்கி, தேநீர் கொடுத்து, படம் வரைந்து அதையே விளக்கினாள். ஒரு யென்கூடக் குறையவில்லை. கட்டினான். ஒவ்வொரு தவணை மாதமும் புஷ்பாவுக்குப் போகிற பணம் பாதியானது. அந்த வருட ஐப்பசி மழையில் கீற்றுச் சாய்ப்பு சரிந்தது. புஷ்பா கடிதத்தில் குறை எதுவும் எழுதவில்லை. பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள். அதை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

பக்கத்துத் தொழிற்சாலையில் பத்து வருடமாக இருந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் ராஜசேகரனுக்கு ஒரு வழி சொன்னான். ஜனவரி முதல் தேதி யார் எந்த ஊரில் குடியிருக்கிறானோ அந்த ஊருக்குத்தான் வரி. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு இந்த ஊரைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாம் தேதியிலிருந்து வேறு ஊரில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்தால் எந்த ஊரும் கேட்க முடியாது. கோதண்டமும் ராஜசேகரனும் சேர்ந்தே எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பனி கொட்டத் தொடங்கியதும் ராஜசேகரன் பயந்துபோய், போன கையோடு திரும்பி வந்து, விடுதியில் தன் படுக்கையிலேயே படுத்துக்கொண்டான். பிறகு வரியையும் கட்டினான். கோதண்டம் பெட்டியோடு கிளம்பினான். ஜனவரி முதல் தேதி முழுக்க ரயில் மாற்றி ரயில் ஏறி, பன் ரொட்டி தின்று, எந்த நிலையத்தைவிட்டும் வெளியே கால் வைக்காமல் கழித்தான். அன்று அவன் எந்த ஊரிலும் இல்லை.

மறுநாள் புதிய ஊரில் வாடகைக்கு எடுத்த அறையைத் திறந்து உள்ளே கால் வைத்தவன், பெட்டியும் கையுமாக வீட்டுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நின்றான். பதினொரு தடவை முயன்று பார்த்தான். அன்றிலிருந்து தொழிற்சாலைக் கிடங்கில் மணல் மூட்டைகளுக்கு நடுவே படுத்தான். தொழிற்சாலை, கடை, ரயில், கோயில் எல்லாம் அவனை ஏற்றுக்கொண்டன. மனிதர் குடியிருக்கிற இடம் மட்டும் ஏற்கவில்லை. அந்த ஜூனில் வரிச் சீட்டு வரவில்லை. மிச்சமான பணத்தில் கோவில்பதாகை வீட்டுக்குத் தளம் போடப்பட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று புஷ்பா எழுதினாள்.

1990 ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து வந்தான். ஜப்பானில் பிடித்தது ஜப்பானோடு போயிருக்கும் என்று நம்பியிருந்தான். வாசலில் புஷ்பா ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். அவன் உள்ளே கால் வைத்தான். பின்னால் நின்ற உறவுக்காரர்கள் வெறும் வாசலைப் பார்த்தார்கள். கொல்லையில் கோழிகள் பறக்கிற சத்தம் கேட்டது. வசந்தா பின்பக்கம் ஓடிப் போய்ப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். "நைனா, இன்னொரு வாட்டி!" என்றாள். அவன் சுற்றிவந்து இன்னொரு தடவையும் செய்தான். மூன்றாவது தடவை புஷ்பா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"இன்னா மாமா பண்ணிகினு வந்த?" என்றாள்.

அவன் ஒளிக்காமல் சொன்னான். அவள் தளத்தை அண்ணாந்து பார்த்து, "அதுக்கு இத்த நானே இடிச்சிருப்பேனே" என்றாள்.

கொல்லையில் பூவரச மரத்தடியில் கட்டில் போட்டார்கள். முதல் இரண்டு வருடம் புஷ்பாவும் அங்கேயே பாய் விரித்தாள். மழைக்காலத்தில் கோதண்டம் அண்ணனூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்குப் போய்விடுவான். பட்டறையில் பழைய வேலையே கிடைத்தது. குடியிருக்கிற இடம்தானே ஆகாது என்று அம்பத்தூரில் ஒரு காலிக் கடையை வாடகைக்குப் பிடித்தார்கள். இரண்டு நாள் மூவரும் அதில் இருந்தார்கள். மூன்றாம் நாள் காலை புஷ்பா அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்ததும், சுவரோரம் சவரம் செய்துகொண்டிருந்த கோதண்டம் பின்சந்தில் நின்றான், முகத்தில் பாதி நுரையோடு. வீட்டுவரி வசூலிக்க வரும் திருவேங்கடம் இரக்கப்பட்டு, புஷ்பா பெயரில் இருக்கிற வரியை அவன் பெயருக்கு மாற்றினால் சரியாகலாம் என்று தன் கையாலேயே ரசீது எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ரசீதில் புஷ்பாவின் பெயர் இருந்தது, அதே கையெழுத்தில். திருவேங்கடம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, பணம் வரவாகிவிட்டது, அதில் தவறில்லை என்றார்.

கோதண்டத்தைப் போலவே ஒப்பந்தம் முடிந்து திரும்பியிருந்த ராஜசேகரன் ஞாயிறுதோறும் வருவான். அவன் ஒருநாளும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததில்லை. அவன்தான் ஜப்பான் ஊர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். அந்த வருடத்து வரியையும் தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்துக் கோதண்டம் வங்கி வரைவோலை எடுத்தான். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் ஜனவரி முதல் தேதியன்று தாங்கள் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை, குடியிராதவரிடம் வரி வாங்க எங்களுக்கு அதிகாரமில்லை, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும் என்றிருந்தது. இரண்டாவது ஊரும் அப்படியே எழுதியது. அன்று தாங்கள் எங்கே இருந்தீர்களோ அந்த ஊரைக் கேட்கவும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. ராஜசேகரன் கடிதத்தை மடித்தான்.

"அண்ணா, நானும் ரயில் ஏறியிருக்கணும்" என்றான்.

"ஏறி? ரெண்டு பேரா வெளிய குந்திகினு கீறதுக்கா?" என்றான் கோதண்டம்.

1993இல் புஷ்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. இதயத்தில் கோளாறு என்றார்கள். பனியில் படுக்கவே கூடாது என்றார்கள். அவள் கேட்கவில்லை. கோதண்டம் கட்டிலை மடக்கி வைத்து, அவள் உள்ளே போகும்வரை தெருவில் நின்றான். அதன் பிறகு ஜன்னல்தான். அவள் உள்ளே சுவரோரம் படுப்பாள். அவன் வெளியே அதே சுவரில் சாய்ந்துகொள்வான். பட்டறைக் கதை, தெருக்கதை எல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்தது. ஒருநாள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கம்பிக்குள் கையை நீட்டினான். வீட்டின் மறுபக்க ஜன்னலுக்கு வெளியே அவன் கை முழங்கை வரை நீண்டிருப்பதைப் பார்த்து, அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வசந்தா தன் ஈரக்கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். புஷ்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

1996 செப்டம்பரில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் குடியிருப்பதில்லை. கோதண்டம் நேராக உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். பதினேழு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவளுக்குத் தலைவாரிவிட்டான், கஞ்சி ஊட்டினான், கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டான். அங்கே அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரிகள் புதுசாகக் கல்யாணமானவர்களா என்று கேலி செய்தார்கள். பதினெட்டாம் நாள் டாக்டர், இனி இங்கே வைத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். கோதண்டம் அவர் காலில் விழுந்து, இன்னும் பத்து நாள் இருக்கட்டும் ஐயா என்று கேட்டான். கட்டிலுக்கு ஆள் காத்திருந்தது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கோதண்டம் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்றான். அவள் பெரும்பாலும் பேசவில்லை. நடுநடுவே, "மாமா, கீறியா?" என்பாள்.

"கீறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "கீறியா?"

"இங்கதான் கீறேன் புஷ்பா."

அவன் திரும்பி வந்த ஆறரை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் கேட்காததை அப்போது கேட்டாள். "உள்ள வாயேன்" என்றாள்.

அவன் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினான். கால் வைத்தான். கொல்லைச் சேற்றில் நின்றான். மறுபடி சுற்றி ஓடினான். குனிந்து போனான், பின்னோக்கி நடந்து போனான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிலைப்படியைப் பிடித்தபடி போனான். அண்டை வீட்டுக்காரர்கள் மழையில் வந்து நின்று பார்த்தார்கள்; யாரும் தடுக்கவில்லை. கொல்லைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் கேட்டது. "வாணா நைனா, ஜன்னலாண்ட வா, ஜன்னலாண்ட வா!" வீட்டுத் தரையில் ஒரு ஈரத்தடம்கூட விழவில்லை. முப்பது நாற்பது தடவைக்குப் பிறகு சேற்றில் வழுக்கி விழுந்து, தவழ்ந்து ஜன்னலடிக்கு வந்தான். "கீறேன்" என்றான். அவள் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக, "கீறேன் புஷ்பா" என்றான். வசந்தா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுதாள்.

மழை விட்ட பிறகு புஷ்பாவை வாசலில் பந்தலுக்குக் கீழே கொண்டுவந்து கிடத்தினார்கள். கோதண்டம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். எடுக்கும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. ராஜசேகரன்தான் கையைப் பிடித்துத் தூக்கினான்.

1999 தை மாதம் வசந்தாவுக்கு வானகரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாண மண்டபம் கோதண்டத்தைத் தடுக்கவில்லை. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தான். மாப்பிள்ளை வீட்டார் விவரம் தெரிந்தவர்கள், மறுவீட்டு விருந்தில் அவனுக்குத் தெருவில் மேசை போட்டு இலை விரித்தார்கள். திரும்பி வந்தவன், ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு என்று மின்சாரத்தைத் துண்டிக்க எழுதிக் கொடுத்தான். ரேஷன் கார்டில் கடைசியாக இருந்த வசந்தாவின் பெயரும் வானகரத்துக்குப் போனது. திருவேங்கடம் வந்து பார்த்து, குடியிருப்போர் எவரும் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு, கோதண்டத்திடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கதவைப் பூட்டிச் சாவியை வசந்தாவிடம் கொடுத்துவிடலாம் என்று போன கோதண்டம், உள்பக்கத் தாழ்ப்பாளைச் சரிபார்க்க மறதியாகக் காலை வைத்தான். இன்னொரு காலும் கூடத்திலேயே விழுந்தது. அவன் அசையாமல் நின்றான். பிறகு மெதுவாக நடந்தான். தான் கட்டிய வீட்டைத் தளம் போட்ட பிறகு அவன் உள்ளிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. கூடம் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சமையற்கட்டில் புகை படிந்திருந்தது. ஜன்னலோரம் சுவரில், ஒருவர் பல வருடம் சாய்ந்து உட்கார்ந்ததில் சுண்ணாம்பு தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு தலையளவு இடம் பளபளத்தது. அதன் கீழே உட்கார்ந்தான். அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். எங்கும் ஒழுகிய அடையாளமே இல்லை.

அதன் பிறகு நாள்தோறும் பட்டறை விட்டு வந்ததும் உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். விளக்கு ஏற்றுவதில்லை, பாய் விரிப்பதில்லை, ஒரு வாய் தண்ணீர்கூட அங்கே குடிப்பதில்லை. இருட்டுவதற்குள் எழுந்து வெளியே வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பூவரச மரத்தடிக்குப் போய்விடுவான். தெருவில் யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. யாராவது அவனைத் தேடி வந்தால், உள்ளேதான் இருக்கிறான், வருவான், இருங்கள் என்று சொன்னார்கள்.