இடவலம் மாறிய கேஸ்கெட்

சங்கிலிமுத்துவுக்கு யாரும் நன்றி சொல்லிவிட முடியாது. முயன்று தோற்றவன் நான். போன தீபாவளி சீசனில் எனக்கு நெஞ்சு வலி வந்தபோது, பட்டாசு லோடு ஏற்ற நின்ற லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து, குளித்துவிட்டு டீ குடிக்க வந்திருந்த சங்கிலிதான் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கில் என்னை ஏற்றி, விழுந்துவிடாதபடி துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, சந்துபொந்தெல்லாம் புகுந்து விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என் கதை முடிந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார்.

அப்புறம் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார், சாப்பிட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்ததும், “கறி நல்லா வெந்திருக்குண்ணே” என்று பேச்சை மாற்றிவிட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. மனுசனை நன்றி சொல்லக்கூட விடாவிட்டால் எப்படி?

இந்த ஆனி மாதம் அவர் பைக்கின் எஞ்சினில் பேரிங் போய்விட்டது. எப்படியும் எஞ்சினை முழுக்கப் பிரித்தாக வேண்டும். “எங்கிட்ட விடுங்க. பேரிங்கும் போட்டு, போர்ட்டிங்கும் பண்ணித் தாரேன்” என்றேன். என் பைக்குக்கு இரண்டு முறை செய்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரிண்ணே” என்றார். என் கையிலிருந்து அவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது இது ஒன்றைத்தான்.

வேலை பார்க்க எளிது. எஞ்சினின் அடிப்பகுதி இடது, வலது என்று இரண்டு கேஸ். அவற்றின் தலையில் சிலிண்டர் உட்காரும். பெட்ரோல் புகை கேஸிலிருந்து இரண்டு சன்னல்கள் வழியாக மேலே ஏறும். கேஸின் சன்னலும் சிலிண்டரின் சன்னலும் சரியாகச் சேராமல் படி தட்டும். அந்தப் படியைத் தேய்த்து எடுப்பதுதான் போர்ட்டிங்; எடுத்தால் வண்டி நன்றாக இழுக்கும். நடுவில் வைக்கும் கேஸ்கெட் தாளில் ஒரு சன்னல் ஓட்டை பெரிது, ஒன்று சிறிது; அந்தத் தாள்தான் அளவு.

சனிக்கிழமை மத்தியானம் சமையல் மேடையில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரி நர்ஸான என் மனைவி ஜாஸ்பின், நான் கட்டித் தொங்கவிட்ட மூன்று பல்புகளையும் பார்த்துவிட்டு, “எங்க தியேட்டர்லகூட இம்புட்டு வெளிச்சம் கிடையாது. மயக்க மருந்து யாருக்கு, எஞ்சினுக்கா உங்களுக்கா?” என்றாள்.

நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த நீல மையைக் கேஸின் முகத்தில் தடவினேன். கேஸ்கெட்டை மேலே வைத்துப் பார்த்தேன். நான்கு போல்ட் ஓட்டையும் பொருந்தியது. ஊசியால் சுற்றிக் கோடு போட்டு, இடது கேஸில் கை கிரைண்டரை ஓட்ட ஆரம்பித்தேன். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில்தான். அது கெட்டால் வேறு கேஸ் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் நம்பர் அதில் இருக்காது. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குத் தினமும் போய்வர அவரிடம் வேறு வண்டியும் இல்லை.

அஞ்சு மணிக்குத் தெருவிலிருந்து ஒரு கத்தல். “அண்ணே! மிசின அமத்துங்க!”

நிறுத்தினேன். சங்கிலி வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். பட்டாசு மருந்து கலக்குகிற அறையில் வேலை. தலைமுடியெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கியது.

“உள்ள வாங்க.”

“உடுப்புல மருந்து இருக்குண்ணே. உங்க மிசின் மோட்டாரு ஓட்டைக்குள்ள பொறி பறக்குது. நான் இங்கனயே நிக்கேன். எம்புட்டு முடிஞ்சிருக்கு?”

பெருமையாகக் கேஸ்கெட்டை எடுத்துச் சமையலறைச் சன்னல் வழியே தூக்கிக் காட்டினேன். கேஸ்கெட் செய்த கம்பெனி அதில் சிவப்புக் கோடு போட்டிருந்த பக்கம் அவரைப் பார்த்திருந்தது.

“பெரிய ஓட்டை வலது பக்கத்துக்காண்ணே?”

இல்லை, இடது என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மேலே இருக்க வேண்டியது அந்தச் சிவப்புக் கோடு. நான் அதைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

என் தொழில் டை கட்டுவது. பட்டாசுப் பெட்டி அட்டையை வெட்டும் பிளேடுகளைப் பலகையில் பதிப்பேன். பலகை அட்டையின் மேல் கவிழ்ந்து இறங்கும் என்பதால், எந்தப் படத்தையும் கவிழ்த்துப் போட்டு இடவலமாகத்தான் வரைவோம். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். என்னைக் கேட்காமலே கை கேஸ்கெட்டைத் திருப்பிவிட்டது. நல்ல கேஸில், வெட்டக் கூடாத இடத்தில் வெட்டியிருந்தேன். ஓரத்தில் மிஞ்சியிருந்தது இரண்டு மில்லிமீட்டர். இன்னும் ஒரு நிமிஷம் ஓட்டியிருந்தால் ஓரம் உடைந்து, அந்தக் கேஸே உதவாமல் போயிருக்கும்.

மூடி மாட்டிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்கே வெட்கமாக இருந்தது. “சங்கிலி, தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போய்க் குளித்துவிட்டு வந்தார். மிஞ்சிய ஓரத்தைக் கட்டை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

“எங்க தொழில்ல தப்புப் பண்ணா ஊருக்கே சத்தம் கேக்கும். நீங்க சத்தமே இல்லாமப் பண்ணிருக்கீகளே” என்று சிரித்தார். “இந்த ஓரம் தாங்குமாண்ணே?”

“தாங்கும். குழியை உலோகப் பசை வச்சு அடைச்சுரலாம்.”

“அப்புறம் என்ன? அடைங்க. பசைய நான் குழைக்கேன். கலக்குறது என் வேலைதான?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, இறுகியிருந்த பசையைச் சரியான கோட்டுக்குத் தேய்த்தேன். இந்த முறை சிவப்புக் கோடு மேலே இருக்கிறதா என்று ஜாஸ்பினையும் பார்க்கச் சொன்னேன். பேரிங் மாற்றி எஞ்சினைப் பூட்டி முடிக்க அடுத்த ஞாயிறு ஆகிவிட்டது. மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. நாரணாபுரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்த சங்கிலியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“பிச்சுக்கிட்டுப் போகுதுண்ணே.”

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, “என்னண்ணே?” என்றார்.

“நன்றி, சங்கிலி. அன்னைக்கு என்னைக் காப்பாத்துனதுக்கு. இப்ப இந்தக் கேஸைக் காப்பாத்துனதுக்கும்.”

எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். குனிந்து டேங்க்கைத் துடைத்தார்.

“இந்த ஒரு வார்த்தையச் சொல்லவாண்ணே எஞ்சினப் பிரிச்சீக?” என்றார்.

“ஆமா” என்றேன்.