சனிக்கிழமை டூட்டி

தலைநகரத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று காசு வாங்கியவர்கள், சனிக்கிழமைக் காலையில் பாதியை ஒரு தோல் பைக் கடைக்குள் கழிக்க வைத்தார்கள். முந்தின நாளும் இதே கூத்துதான். பாராளுமன்றத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகவே காட்டி முடித்துவிட்டு, அதற்குப் பக்கத்திலிருந்த சென்ட் கடையில் மட்டும் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அரண்மனைக்குள் ஆட்டை ஓட்டுகிற மாதிரி விரட்டிய வழிகாட்டி, கடைக்குள் வந்ததும் நிதானமாகப் பாருங்கள் என்றான். கமிஷன் எங்கே வருமோ அங்கேதான் அவனுக்கு நிதானமும் வரும்.

டெய்லரம்மாவுக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் பையும் வேண்டாம், சென்டும் வேண்டாம், அரண்மனையும் வேண்டாம். இந்தப் பயணத்தில் அவள் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று. தலைநகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் எல்லை இருக்கிறது. எல்லை என்றால் ஓர் ஆறு. ஆற்றின் இந்தக் கரையில் சுற்றுலாக்காரர்கள் ஏறிப் பார்க்க ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். அந்தக் கரையில் அவள் தங்கை வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதுகூடத் தெரியாது.

பாலம் திறந்திருந்த காலத்தில் அது ஒரு தூரமே இல்லை. சனிக்கிழமை தையல் கடைக்கு விடுமுறை. டெய்லரம்மா காலையில் பாலத்தைத் தாண்டிப் போய், தங்கை கையால் சாப்பிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாள். பிறகு இரண்டு அரசாங்கங்களுக்கும் ஏதோ முட்டிக்கொண்டது. ஒரு வாரம் என்று பாலத்தை மூடினார்கள். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தபால் போகாது, போன் போகாது. இந்தக் கரையோரம் இருந்தவர்களையெல்லாம் கிளப்பி உள்நாட்டுக்குள் தள்ளினார்கள். போன மாதம்தான் மேடையைத் திறந்தார்கள், அதுவும் வேடிக்கை பார்ப்பதற்கு. கூடப் பிறந்தவளைப் பார்க்க அனுமதி இல்லை. வேடிக்கை பார்க்க டிக்கெட் உண்டு. என்ன நியாயமோ!

கூட வந்திருந்தவள் சம்பந்தியம்மா, மருமகளின் தாய். தனியாகப் போனால் ஏன், எதற்கு என்று நாலு கேள்வி வரும் என்று டெய்லரம்மாதான் அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். கலகலப்பான மனுஷி. நீரூற்று, சிலை, ஹோட்டல் சோப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். தங்கை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சொந்தம் உள்ளவர்களை ஆற்றங்கரைக்கு விடமாட்டார்கள். தவிர, மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான். கல்யாணப் பேச்சிலேயே அம்மாவுக்கு உடன்பிறப்பு யாருமில்லை என்று சொல்லிவிட்டான். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது டெய்லரம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஒருவழியாகப் பேருந்து எல்லைக்குக் கிளம்பியது. வழிகாட்டி மைக்கைப் பிடித்தான். பிடித்தால் விடமாட்டான், இரண்டு நாளில் எல்லோரும் அவனுக்கு 'மைக் தம்பி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"இன்னைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்" என்றான். "சனிக்கிழமை மட்டும் ஒரு ஸ்பெஷல் இருக்கு. அந்தக் கரையில ஒரு பொம்பளை வந்து ஒத்தக் கால்ல நிப்பா. அவ வேவு பாக்கறவ. வலது கால்ல நின்னா ஒரு தகவல், இடது கால்ல நின்னா இன்னொரு தகவல். மத்தியானம் டூட்டி முடிஞ்சதும் போயிடுவா."

பேருந்தே கொல்லென்று சிரித்தது. சம்பந்தியம்மாவும் சிரித்தாள். டெய்லரம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கைக்கு வீட்டில் பெயரே கொக்குதான். ஒரு பாதத்தை மறு முழங்காலில் பதித்துக்கொண்டு நிற்பாள். பல் தேய்க்கும்போதும் அப்படி, பாடம் படிக்கும்போதும் அப்படி. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோதும் அப்படி நின்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அக்காவும் தங்கையும் சமையலறையில் ஒற்றைக் காலில் நிற்பார்கள். யார் முதலில் காலை ஊன்றுகிறார்களோ அவர்கள் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஒருநாளும் தங்கை தேய்த்ததில்லை. டெய்லரம்மா தேய்த்த பாத்திரங்களை அடுக்கினால் ஒரு மண்டபம் நிறையும்.

இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அதுவும் சனிக்கிழமை வந்து நிற்கிறாள். சனிக்கிழமை யாருடைய நாள் என்று இந்த மைக் பயலுக்கு என்ன தெரியும்? அக்கா வருகிற நாள் அது. வந்து நின்று கால் கடுக்கக் காத்திருக்கிறவளைப் பார்த்து ஒரு பேருந்தே சிரிக்கிறது. எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தால் வண்டி திரும்பிவிடும். உட்கார்ந்திருந்தாள்.

சோதனைச் சாவடியில் சீருடை போட்ட ஒருவன் ஏறி, ஒவ்வொருவராக அடையாள அட்டையைப் பார்த்து, அந்தப் பக்கம் சொந்தபந்தம் யாராவது உண்டா என்று கேட்டான். யாரும் இல்லை என்று டெய்லரம்மா சொன்னாள். சொல்லும்போது நாக்கு கூசியது.

மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் மைக் தம்பி வண்டியை மறுபடி ஒரு கடை வாசலில் நிறுத்தினான். எல்லையைப் பார்த்தேன் என்று எழுதிய தொப்பி, கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு துண்டு முள்கம்பி, இப்படி விற்கிற கடை. எந்த முள்கம்பி ஊரையும் உறவையும் கிழித்ததோ அதையே நறுக்கி விற்கிறார்கள். அதற்கும் மேல் டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை.

"நான் தொப்பி வாங்க வரல, தம்பி. ஆத்தைப் பாக்க வந்தேன். இப்ப கூட்டிட்டுப் போறியா, நானே நடக்கட்டுமா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைத்து, ஜூன் மாத அவசரத்தில் அத்தனை பெற்றோரையும் சமாளித்த குரல் அது. மைக் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்குப் பிறகு வரலாம் என்று முனகிக்கொண்டே எல்லோரையும் மேடைக்கு ஓட்டிப்போனான். படியேறும் முன் விதிகளை ஒப்பித்தான்: கையைத் தூக்கக் கூடாது, கையசைக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, துணி எதையும் ஆட்டக் கூடாது. மேலே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான்.

ஆறு அகலமில்லை. எதிர்க்கரையில் ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. சாம்பல் நிற உடுப்பு, தலையில் ஒரு துண்டு. ஒற்றைக் கால்.

காசு போட்டுப் பார்க்கிற தொலைநோக்கியின் முன் வரிசை நின்றது. டெய்லரம்மாவும் நின்றாள். சொந்தத் தங்கையைப் பார்க்க வரிசை! முன்னால் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பார்த்தாலே கள்ள முழி என்றார் ஒருவர். இதற்குச் சம்பளம் வேறு தருவார்கள் போல என்றாள் ஒருத்தி. புதுசாகக் கல்யாணமான ஜோடி, அவளைப் பின்னணியில் வைத்துத் தாங்களும் ஒற்றைக் காலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

கடைசியில் டெய்லரம்மாவின் முறை வந்தது. கண்ணாடிக்குள் தங்கை வந்தாள். நெற்றிக்கு மேல் முடி நரைத்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. ஆனால் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, மேடையில் இருக்கிற ஒவ்வொரு தலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். இந்தக் கூட்டத்துக்கு அதுதான் கள்ள முழி. காசு தீர்ந்து கண்ணாடி இருட்டாயிற்று.

டெய்லரம்மா மேடை ஓரத்துக் கம்பி வேலிக்குப் பக்கத்தில் போனாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாலத்தை மூடியவன்மீது, மேடையைக் கட்டியவன்மீது, உடன்பிறப்பே இல்லை என்ற மகன்மீது, அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்த தன்மீதும். அந்த ஆத்திரத்தோடேயே செருப்பைக் கழற்றினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தைத் தூக்கி இடது முழங்காலில் பதித்தாள்.

முட்டி வலியில் கண்ணில் பூச்சி பறந்தது. இது என்ன சம்பந்தி, காலில் ஏதாவது குத்திவிட்டதா என்று கேட்டுக்கொண்டே சம்பந்தியம்மா ஓடி வந்தாள். மைக் தம்பியும் வந்தான். அப்படியெல்லாம் நிற்கக் கூடாது, சிப்பாய் பார்க்கிறார், காலைக் கீழே போடுங்கள் என்று பதறினான்.

"கையைத் தூக்கக் கூடாதுன்னுதானே சொன்னே?" என்றாள் டெய்லரம்மா. "இது காலு. என் காலு. நீ போய் உன் மைக்கைப் பிடி."

சிப்பாய் இரண்டடி எடுத்து வைத்தான். நின்றான். கால் பற்றி அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சற்றுமுன் அந்த ஜோடி நின்றபோதும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வயசான அம்மாள் ஆட்டக்காரி மாதிரி நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜோடி போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போய்விட்டது. டெய்லரம்மா காலை இறக்கவில்லை. அவள் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் ஒரு தோள் வந்து முட்டுக்கொடுத்தது. சம்பந்தியம்மா எதிர்க்கரையைப் பார்த்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி எதிர்க்கரையைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"யாரு சம்பந்தி அது?" என்று காதோடு கேட்டாள்.

டெய்லரம்மா எதிர்க்கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கரையில் இருந்தவள் அசையாமல் நின்றாள். பிறகு, ஒருநாளும் தோற்காதவள், முதலில் காலைக் கீழே ஊன்றினாள். ஊன்றியவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் டெய்லரம்மா தன் காலை இறக்கினாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா?" மைக் தம்பியின் குரல் பின்னால் கேட்டது. "உக்காந்துட்டா! இது புதுசு. ஏதோ பெரிய தகவல்."

இருபது போன்கள் அவளைப் போட்டோ எடுத்தன. அவள் எழுந்து, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஊருக்குள் போனாள்.

திரும்பி வரும்போது சாவடியில் அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டான். டெய்லரம்மாவுக்கு நெஞ்சு வரை வந்தது: இருக்கிறாள், நீங்களெல்லாம் வேவுகாரி என்கிறீர்களே அவள்தான். சொன்னால் இனி ஒருபோதும் இந்த ரோட்டில் விடமாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் வந்து நிற்பாள். இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். டெய்லரம்மா இரண்டாம் முறையாகத் தங்கை இல்லை என்று சொன்னாள். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். விரல் நொறுங்குகிற மாதிரி இருந்தது.

தலைநகரத்தில் இறங்கும்போது மைக் தம்பி வாசலில் நின்று, எல்லாம் பிடித்திருந்ததா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தான். எல்லோரும் ஒற்றைக்கால் பொம்பளைதான் பிரமாதம் என்றார்கள். டெய்லரம்மாவைக் கண்டதும் கொஞ்சம் ஒதுங்கினான்.

"ஒண்ணுகூடப் பிடிக்கல" என்றாள் அவள். "அடுத்த சனிக்கிழமைக்கு எனக்கு ஒரு சீட்டு போட்டு வை."

அவன் நோட்டுப் புத்தகத்தைத் தேடினான்.

"ரெண்டு சீட்டு" என்றாள் பின்னால் வந்த சம்பந்தியம்மா. "அந்தத் தோல் பைக் கடைக்குப் போகாத வண்டியா பாத்துப் போடு."