வியாழக்கிழமைத் தைலம்

வருகிறாள், வலது காலை ஊன்றி, இடது காலைக் கொஞ்சம் பின்னாலேயே விட்டுவிட்டு, பிறகு அதையும் மனமிரங்கிக் கூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க்காரரைத் தாண்டி வருகிறாள் மயிலாத்தாள், கையில் மஞ்சப்பை, பைக்குள் கழுவிக் காயவைத்த தேங்காயெண்ணெய் பாட்டில், சித்தப் பிரிவில் மூட்டுவலிக்குத் தைலம் ஊற்றுவார்கள், பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும், ஆனால் அவள் வரவில்லை, எனக்குத் தெரியும், வாசலில் இளநீர்க்காரர் மட்டும்தான் நிற்கிறார், இருந்தாலும் வியாழக்கிழமை காலையில் கண்ணை அந்தப் பக்கம் வைத்தால் அவள் வந்துகொண்டேதான் இருக்கிறாள், என் மண்டை அப்படிப்பட்டது, நேற்று நடந்தது எங்கோ தூரத்தில் கிடக்கும், என்றோ நடந்தது பக்கத்தில் வந்து தோளைத் தொடும், வலிப்புக்காரன் மூளையில் காலண்டர் மாட்ட ஆணி கிடையாது என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன்.

முதலில் பார்த்தது செவ்வாய்க்கிழமை, இங்கிலீஷ் மருந்து வரிசையில், வாரத்துக்கு உண்டான மாத்திரையை அன்றைக்குத்தான் கொடுப்பார்கள், எனக்குப் பின்னால் நின்றவள், ஏனுங்க, சக்கரைங்களா, என்று கேட்டாள், நானும் தலையை ஆட்டிவைத்தேன், வலிப்பு என்று சொன்ன இடங்களில் மனிதர்கள் ஓர் அடி தள்ளி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான், பெண் பார்க்கப் போன வீட்டில் பாதி குடித்த காப்பியோடு எழுந்து வந்திருக்கிறேன், அதற்குப் பிறகு யாரும் எனக்குப் பெண் பார்க்கவில்லை, சர்க்கரை என்றால் மரியாதையான வியாதி, நாலு பேருக்கு இருக்கிறது, அவள் தன் கதையைச் சொன்னாள், எனக்கு ரெண்டு முட்டியும் போச்சுங்க, அவரு போய்ச் சேந்து வெகுகாலமாச்சு, புள்ளை திருப்பூர்லயே தங்கிப் பனியன் கம்பெனிக்குப் போறா, நான் காவேரிக்கு அக்கரைல இருந்து பஸ்ஸேறி வர்றனுங்க, வரிசையில் எல்லோரையும் அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிறவள் என்னை மட்டும் ஏனுங்க என்றாள், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாரம் முழுக்க சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்தேன்.

பிறகு ஒரு செவ்வாயன்று சொன்னாள், இந்த வலி மாத்திரை தின்னு தின்னு வவுறு புண்ணாப் போச்சுங்க, நானு வியாழக்கெழமைத் தைலத்துக்கே போயர்றன், போய்விட்டாள், அடுத்த செவ்வாய் அந்த வரிசை எவ்வளவு நீளம், எவ்வளவு வெயில், ஸ்டாண்டு முதலாளி வாரத்தில் ஒரு காலைப் பொழுதுக்குத்தான் விடுவார், செவ்வாயா வியாழனா என்று யோசித்தேன், யோசித்தேன் என்று சும்மா சொல்கிறேன், கால் தானாக வியாழனுக்குப் போய்விட்டது, மாத்திரையைக் கடையில் வாங்கலாமே என்பீர்கள், கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கத் தயார்தான், டோக்கன் கிழிக்கிறவன் கூலிக்கு அந்த மருந்து எட்டாது, கை கால் அசதி என்று சொல்லி ஒரு சூரணப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றேன், எந்த வரிசையில் வாங்கினாலும் மருந்து மருந்துதானே என்று மனதுக்குச் சமாதானம், ஆசை வந்தால் அறிவு வெளியூர் போய்விடும், அவள் திரும்பித் திரும்பிப் பேசினாள், வெதுவெதுன்னு காச்சித் தேச்சா கேக்குதுங்க, இப்பெல்லாம் பஸ் படி ஏற ஒருத்தரும் கை குடுக்க வேண்டியதில்லை, நான் சந்தோஷமாக இருந்தேன், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்படி ஒரு வியாழன், வேப்பமரத்தை ஒட்டிய வராந்தா வரிசையில், பால் அடிப்பிடிக்கிற வாசம், அது எனக்கு மட்டும் வருகிற வாசம், வந்தால் அடுத்து என்ன என்று தெரியும், மயிலா, என்று கூப்பிட்டேனா, கூப்பிட நினைத்தேனா, வேப்பமரம் சாய்கிறது, அவள் முகம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, அம்மா அழுகிறாள், இல்லை, அம்மா இறந்துபோய் எத்தனையோ வருஷம், கண் விழித்தபோது தரையில் கிடந்தேன், வேட்டி நனைந்திருந்தது, தலை யார் மடியிலும் இல்லை, தலைக்குக் கீழே மஞ்சப்பை, உள்ளங்கையில் ஏதோ குத்தியது, இழுப்பு வந்தால் இரும்பைப் பிடிக்கக் கொடுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் நம்புகிறதே, அவள் தன் வீட்டுச் சாவியைத் திணித்திருக்கிறாள், விரல்கள் மூடிக்கொண்டுவிட்டன, சித்த டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சாவியெல்லாம் ஒண்ணும் செய்யாதுங்கம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சாலே போதும் என்றார், என்னிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஃபிட்ஸ் மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்துனீங்க, நானே நிறுத்தச் சொல்ல மாட்டேனே, என்று கடிந்தார், நான் மயிலாத்தாளின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஓர் அடி எப்போது பின்னால் போகும் என்று, போகவில்லை, முட்டி மடங்காதவள் சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், சக்கரைக்கு இப்படி இழுக்குமுங்களா, என்று கேட்டாள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது, சாவியைக் குடுங்க, நான் வூட்டுக்குப் போகோணும், செவ்வாக்கெழமை மாத்திரை வாங்கியாந்து காட்டுனாத்தான் இனி எம்பொறகால நிக்கலாம், இல்லாட்டி ஆகாது, ஆமா.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வை முதலாளிக்கு விட்டுக்கொடுத்து இரண்டு காலைகளையும் வாங்கினேன், வியாழன்தோறும் மாத்திரை அட்டையைக் காட்டுவேன், அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ம், நில்லுங்க, என்பாள், என்னை அப்படி யாரும் கேட்டதில்லை, பிறகுதான் தைலம் இருப்பு இல்லை என்று பலகையில் எழுதினார்கள், அடுத்த வாரம் வந்துரும் என்றார்கள், அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள், வெறும் பாட்டிலோடு வந்து வெறும் பாட்டிலோடு போனாள், மறுபடியும் ஒரு காலை இழுக்க ஆரம்பித்தாள், ஒரு வியாழன் வரவில்லை, அப்புறம் எந்த வியாழனும் வரவில்லை, வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தவன் வீடு எங்கே என்று கேட்டுவைக்கவில்லை, தைலம் வந்துதுங்களா என்று ஜன்னலில் போய்க் கேட்பேன், உங்களுக்குத் தைலமே எழுதலீங்களே என்பார் மருந்து கொடுப்பவர், எழுதவில்லைதான், எனக்கு வேண்டிய மருந்தை எந்தச் சீட்டில் எழுதுவார்கள்.

இன்றைக்குப் பலகையைத் துடைத்திருக்கிறார்கள், வந்துவிட்டது, மொத்த வராந்தாவும் தைல வாசம், அவளுக்கு உண்டானதை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன், ஆள் வராமக் குடுக்க முடியாதுங்க என்றார், வந்திருக்கறது அவங்களுக்குத் தெரியாதுங்களே என்றேன், யாராச்சும் போய்ச் சொன்னாத்தானுங்க தெரியும் என்று ஊற்றிக்கொண்டே சொன்னார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நான் அக்கரை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், காவேரியில் தண்ணீர் போகிறதா, மணல்தான் மினுங்குகிறதா தெரியவில்லை, அக்கரைல எங்கீங்க, வழியெல்லாம் ஊரா இருக்குது என்கிறார் கண்டக்டர், கடைசி ஊருக்குக் குடுங்க, அங்கிருந்து விசாரிச்சுட்டே நடந்து வர்றன் என்கிறேன், யாரைங்க என்கிறார், மயிலாத்தாள், முட்டி வலிக்காரங்க, ஒத்தையா இருக்கறவங்க என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காததையும் சொல்கிறேன், முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொல்கிறேன், எனக்கு வலிப்பு இருக்குதுங்க, வழியில எங்காச்சும் விழுந்துட்டா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு, அவங்களைக் கண்டுபுடிச்சு, தைலம் வந்துருச்சுன்னு மட்டும் சொல்லீருங்க.