பதினோரு பேரின் சான்றிதழ்கள்

சண்முகசுந்தரி பையின் ஜிப்பை இழுத்ததும் ஈர வாடை அடித்தது. கையை விட்டாள். சொதசொதவென்று ஒரு துண்டு வந்தது. அதற்குக் கீழே பிழிந்து சுருட்டிய வேட்டி, எண்ணெய்ப் புட்டி, சீயக்காய்ப் பொட்டலம். பையை மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினாள். காகிதம் என்று ஒன்றுகூட இல்லை.

அவளுடையதும் இதே பழுப்பு நிற ரெக்ஸின் பைதான். சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கையில் இதைப் பார்க்கலாம்.

1983 ஜூலை, முதல் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் குற்றாலம் போனது குளிப்பதற்கு அல்ல. அங்கே குடியிருந்த அரசு டாக்டர் ஒருவர் ஞாயிறுகளில் மட்டும், வீட்டில் வைத்து, சான்றிதழ் நகல்களில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அசலை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்காமல் பேனாவைத் திறக்கமாட்டார். அதனால் பதினோரு பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்தப் பையில் எடுத்துப் போயிருந்தாள். கையெழுத்தாகித் திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் எல்லாரும் பைகளை அடுக்கியிருந்தார்கள். அவளும் வைத்தாள். ரயில்வே ஸ்டேஷன் நிறுத்தத்தில் ஈரத்தலைக் கூட்டம் மொத்தமும் இறங்கிப்போனது. தேரடியில் அவள் இறங்கியபோது மூடிமேல் ஒரே ஒரு பழுப்புப் பை மிச்சம் இருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாள். விருதுநகர் வண்டி போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷர். கடையநல்லூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் போன் போட்டுச் சொன்னார். வண்டி நின்ற இடத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்தார்களாம். யாரும் எழுந்து வரவில்லை.

"வீட்டுக்குப் போய்த்தான் பையைத் திறப்பாங்கம்மா. பாத்தா குடுத்துருவாங்க. மனுசங்கதானே" என்றார்.

ஒரு காகிதம் தொலைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கணவன் சுந்தரபாண்டியன் எழுபத்தொன்றாம் ஆண்டு யுத்தத்தில் செத்துப்போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பதிவேட்டில் சண்முகசுந்தரி என்றும் இன்னொன்றில் வெறும் சுந்தரி என்றும் இருந்ததால் பென்ஷன் மனு நான்கு முறை திரும்பி வந்தது. மூன்று வருஷம் அலைந்தாள். அலைந்த அலைச்சலில் எந்த ஆபீஸில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பது கைவந்துவிட்டது. டைப் படித்தாள். முதலில் தன்னைப் போன்ற பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்கு. எந்த ஊரில் என்ன படிப்பு இருக்கிறது, பாரம் எப்போது கொடுப்பார்கள், என்ன மார்க்குக்கு எது கிடைக்கும் என்று தபால்தலை ஒட்டி ஒட்டிக் கல்லூரிகளுக்கு எழுதிக் கேட்டு ஒரு பெரிய நோட்டில் குறித்து வைத்தாள். எழுபத்தொன்பதில் தென்காசிக் கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிர்த் தெருவில் ஓர் அறை பிடித்து, 'சுந்தரி கல்வி வழிகாட்டி நிலையம்' என்று போர்டு மாட்டினாள். பொம்பளை நடத்தும் கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்றார்கள். ஆலங்குளத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வந்தார்கள். அவள் ஆசிரியை இல்லை, ஆனாலும் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தபோது முப்பிடாதியம்மாள் வாசலில் நின்றாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி சுமக்கிறவள். மகள் உலகம்மாளுக்குத் திருநெல்வேலியில் நர்சிங் இன்டர்வியூ, அடுத்த திங்கட்கிழமை. பதினோரு பேரில் அதுதான் முதல் இன்டர்வியூ.

"டாக்டர் ஒப்புப் போட்டுட்டாரா டீச்சரம்மா?"

"போட்டுட்டாரு" என்றாள் சுந்தரி.

அது பொய்யில்லை. அதனால்தான் வாயில் அவ்வளவு லேசாக வந்தது.

"பேப்பரெல்லாம் பத்திரமா இருக்குல்லா?"

"இருக்குக்கா. நீங்க போங்க."

முப்பிடாதியம்மாள் மடியிலிருந்து நான்கு தக்காளியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பொறுத்தால் போதும், பையின் சொந்தக்காரன் தன் வேட்டியைத் தேடி வந்துவிடுவான் என்று சுந்தரி நினைத்தாள். அன்றும் மறுநாளும் குற்றாலத்திலேயே கிடந்தாள். பேரருவிப் பக்கம், காணாமல்போன பிள்ளைகளுக்காக மைக்கில் கூவுகிறவரிடம் கெஞ்சினாள். பழுப்பு நிறப் பை, உள்ளே சான்றிதழ்கள் என்று அவர் பத்துத் தடவையாவது சொன்னார். அருவிச் சத்தத்தில் அது யார் காதில் விழுந்ததோ. சாரலில் சேலை உடம்போடு ஒட்ட, பழுப்புப் பை வைத்திருந்த ஒவ்வொருவரையும் மறித்தாள். "ஒரு தடவை திறந்து காட்டுங்கண்ணாச்சி." சிலர் காட்டினார்கள். ஒருவன், "ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" என்று கையைத் தட்டிவிட்டான். செவ்வாய் சாயங்காலம் கடைசியாக ஒரு கிழவர் தன் பையைத் திறந்து காட்டி, "பாத்துக்க தாயி, என்னத்தத் தொலைச்ச?" என்று கேட்டார். அவள் அவர் பையை மூடிக் கொடுத்தாள். அங்கேயே ஈரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

புதன்கிழமை கடையநல்லூருக்குப் போனாள். முகம்மது மீரானின் மகன் ஆதமுக்குப் பாலிடெக்னிக் இன்டர்வியூ. பதினோரு பேரில் இன்னும் ஆறு பேர் அவன் படித்த பள்ளிதான். தறிக்குழியில் உட்கார்ந்திருந்த மீரான் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவள் சொல்லி முடித்ததும் அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டார்.

"எப்பத் தொலைஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை, அண்ணாச்சி."

"இன்னைக்குப் புதன்."

"ஆமா."

"மூணு நாளா யாருக்கும் சொல்லலையா நீங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "வந்துரும்னு நினைச்சேன்."

மீரான் எழுந்து சட்டையை மாட்டினார். "நீங்க போலீஸ்ல எழுதிக் குடுங்க. நான் மத்த வாப்பாமாரக் கூட்டிட்டு ஹெட்மாஸ்டர்கிட்டப் போறேன். ஏசணும்னா பொறவு ஏசிக்கிடுதேன்."

அவர் ஏசியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பாள்.

காணவில்லை என்ற சான்று தரப் போலீஸுக்குப் பதினைந்து நாளாவது ஆகும். அது இல்லாமல் அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் பஞ்சாபகேசன் மறுசான்றிதழ் தரமுடியாது. பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் விதி இடம் கொடுத்தது. ஆனால் பள்ளியில் டைப்பிஸ்ட் இல்லை. குமாஸ்தா ஒருவர்தான், அவரும் புதுச் சேர்க்கையில் மூழ்கிக் கிடந்தார்.

"நான் டைப் அடிச்சுத் தாரேன் சார். நீங்க பாத்துக் கையெழுத்து மட்டும் போடுங்க."

வியாழன் காலை தன் டைப்ரைட்டரைத் துணியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடையநல்லூர் போனாள். அதன் பாரத்தில் தொடை மரத்துப்போனது. பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சுமேல் வைத்து, பதிவேட்டைப் பார்த்து ஏழு பேருக்கும் அடித்தாள். ஓர் எண் தப்பினாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். சாயங்காலம் பஞ்சாபகேசன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை வைத்தார். "இது சர்டிபிகேட் ஆகாதும்மா. ஆனா பொய்யும் இல்லை. பிரின்சிபால் மனசு வச்சா நடக்கும்" என்றார்.

முப்பிடாதியம்மாளிடம் போகத்தான் கால் வரவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனாள். டெம்போவிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. முப்பிடாதியம்மாள் தலைச் சும்மாட்டோடு நின்று கேட்டாள்.

"திங்கக்கிழமை கேட்டேனே. பத்திரமா இருக்குன்னு சொன்னியளே."

"சொன்னேங்க்கா."

"அப்பவே இல்லையா?"

"இல்ல."

முப்பிடாதியம்மாள் சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டாள். "வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்று முன்னால் நடந்தாள். வழியில் வீட்டிலிருந்து உலகம்மாளையும் கூட்டிக்கொண்டார்கள்.

உலகம்மாள் படித்தது வேறு பள்ளி. அங்கே தலைமையாசிரியர் தாணுமாலயன் இல்லை. தம்பி மகள் கல்யாணத்துக்காகப் புதன்கிழமைதான் நாகர்கோவில் போனாராம். பீரோச் சாவி அவரிடம். திங்கட்கிழமை மத்தியானம் வருவார். அவர் போயிருந்த வீட்டின் விலாசம் யாருக்கும் தெரியவில்லை. துணைத் தலைமையாசிரியர் கையை விரித்தார். "பதிவேடே உள்ள இருக்கு. நான் எதைப் பாத்து எழுதுவேன்?"

செவ்வாய்க்கிழமை வந்திருந்தால்கூட அவர் இருந்திருப்பார். மூன்று பேருக்கும் அது புரிந்தது. உலகம்மாள்தான் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, தாய் பள்ளிக்கூட வாசலில் காத்திருப்பது, தலைமையாசிரியர் வந்ததும் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது என்று முடிவானது. சுந்தரி உலகம்மாளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போனாள். பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

"ஏதாவது ஒரு அத்தாட்சி வேணுமே. வெறுங்கையோட வந்தா எப்படி?"

"வந்துக்கிட்டு இருக்கும்மா. தப்பு என்னோடது. பிள்ளை மார்க்கு அறுநூத்தி... இல்ல. மார்க்கு எழுநூற்றுப் பதினெட்டு." நாக்கு குழறியது. "எனக்காக வேண்டாம், அவளுக்காக."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிஸ்ட் ஒட்டியாகணும். அதுவரைக்கும் இந்த இடத்தை நிறுத்தி வைக்கேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். சுந்தரி வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை உலகம்மாள் பிரிக்கவே இல்லை. மூன்று மணிக்கு, "டீச்சரம்மா, எங்கம்மை போன திங்கக்கிழமை உங்களைப் பாத்துட்டு வந்து என்ன சொன்னா தெரியுமா?" என்று கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"'பேப்பர் டீச்சரம்மாகிட்ட பத்திரமா இருக்கு, இனி உனக்குக் கவலையில்ல'ன்னா."

நான்கு மணிக்குப் பிறகு சுந்தரி ரோட்டில் போய் நின்றாள். பாவூர்சத்திரம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் ஓடி, இறங்கும் முகங்களைப் பார்த்தாள். ஐந்து அடித்தது. உள்ளே ஓடினாள். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஐந்து நிமிஷம் பொறுத்தார். பிறகு பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்து, கீழே இருந்த பெயரை மேலே எழுதினார்.

ஐந்தே காலுக்கு முப்பிடாதியம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் முத்திரை வைத்த தாள். தாணுமாலயன் மூன்றரைக்குத்தான் வந்திருக்கிறார். வந்த காலோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்: "நான் ஊருக்குப் போறதுக்கு முந்தி வந்திருந்தா இதை அன்னைக்கே தந்திருப்பேனே."

போர்டில் ஒட்டியிருந்த லிஸ்டை முப்பிடாதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் முகத்தைத்தான் பார்த்தாள். சுந்தரி அவள் காலைத் தொடக் குனிந்தபோது இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"தொலைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் கையிலேருந்தும் தொலைஞ்சிருக்கும். நீங்க இருக்குன்னு சொன்னியளே, அதுதான் எனக்குச் செரிக்கல."

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.

மிச்ச மூன்று பேருக்கும் அவரவர் பள்ளியில் அதேபோல் எழுதி வாங்கினாள். உலகம்மாள் தவிர மற்றப் பத்துப் பேருக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வோர் இன்டர்வியூவுக்கும் சுந்தரி கூடவே போய், நடந்ததை நின்று சொல்லி, அசலை மூன்று மாதத்தில் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தாள். மறுசான்றிதழ்கள் கார்த்திகையில் வந்து சேர்ந்தன. அந்தப் பை வரவே இல்லை. உலகம்மாள் வீட்டில் இருந்துகொண்டு பீடி சுற்றுகிறாள் என்று சுந்தரி கேள்விப்பட்டாள்.

அந்த வருஷம் முழுக்க அறைக்கு ஆள் வரவில்லை. காலையில் திறந்து, நோட்டைத் திருத்தி எழுதி, சாயங்காலம் பூட்டினாள். இரண்டு முறை போர்டைக் கழற்ற நாற்காலி போட்டு ஏறினாள். இரண்டாவது முறை மீரான் வந்துவிட்டார். பின்னால் மூன்று பிள்ளைகள். "இறங்குங்கம்மா. இவங்களுக்கு என்ன படிக்கணும்னே தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்றார். ஏசுகிறேன் என்று சொன்னதை அவர் கடைசிவரை செய்யவில்லை.

அடுத்த ஜூனில் ஒரு மத்தியானம் உலகம்மாள் தனியாக வந்தாள். விரல்நுனியில் பீடித்தூள் கறை. நர்சிங் பாரத்தை மேஜைமேல் வைத்தாள். மறுசான்றிதழை மட்டும் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மைக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டா. எனக்கு இதை நிரப்ப வேற ஆள் தெரியல."

"உக்காரு."

"பேப்பர உங்க கையில தரமாட்டேன். நான் வாசிக்கேன், நீங்க அடிங்க."

சுந்தரி தாளைச் செருகினாள். பெண் வாசிக்க வாசிக்க அடித்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, பாடம் பாடமாக மார்க். ஓர் இடத்தில் கண் மறைத்து எழுத்துத் தெரியவில்லை. "திரும்பச் சொல்லு" என்றாள். உலகம்மாள் குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் திரும்ப வாசித்தாள். நகலில் கையெழுத்து வாங்க உலகம்மாளே குற்றாலம் போனாள்.

அந்த ஆண்டு அவளுக்கு மதுரையில் இடம் கிடைத்தது. சுந்தரிக்கு அதை மீரான்தான் வந்து சொன்னார்.

எண்பத்தெட்டில் பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்தாள். ஆலங்குளத்தில் ஒரு கிளை திறந்தாள். டைப் அடிக்க இரண்டு பெண்களை வைத்தாள். அசல் சான்றிதழை ஒரு மணி நேரத்துக்குக்கூட யாரும் விட்டுப்போகக் கூடாது என்று கண்டிப்பு. ஏன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், பை தொலைந்ததைச் சொல்வாள். பொய் சொன்னதையும் சொல்வாள். சிலர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

முப்பிடாதியம்மாளைப் பாவூர்சத்திரத்தில் எப்போதாவது பார்ப்பாள். தலையில் பெட்டி இருக்கும், முகம் நேராக இருக்கும். சுந்தரி ஒதுங்கி வழிவிடுவாள்.